இறங்கும் வேகம்: உங்கள் விமானத்துக்கே உரிய எண்

தொழிற்சாலையில் செய்த செஸ்னா ஒன்றை வாங்கினால் அதோடு ஒரு கையேடு வரும். எந்த எடையில், எத்தனை ஃபிளாப்பில், எத்தனை நாட் வேகத்தில் இறங்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் நிறுவனத்தின் சோதனை விமானிகளின் உழைப்பும் அரசின் ஒப்புதலும் இருக்கின்றன. வீட்டு ஷெட்டில் நீங்களே கட்டிய விமானத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கிட் விற்ற நிறுவனம் ஒரு எண் தந்திருக்கும், ஆனால் அது அவர்களுடைய மாதிரி விமானத்தில் கிடைத்தது. அதன் எடை வேறு, எஞ்சின் வேறு, ப்ரொப்பெல்லர் வேறு, காற்றழுத்தத்தை அளக்கும் துளை இருந்த இடமும் வேறு. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தினாலும் பொருந்தும், ஆனால் போட்டுப் பார்க்காமல் கல்யாணத்துக்குக் கிளம்ப மாட்டோம்.

லான்கேர், கிளாசேர், ஸ்வேரிங்கன் எஸ்.எக்ஸ்.300, வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை, பர்ட் ரூட்டனின் லாங்-ஈசி போன்ற வேகமான வீட்டுக்கட்டு விமானங்களுக்கானது இந்த அத்தியாயம். மெதுவாகப் பறக்கும் துணிச்சிறகு விமானம் கட்டுகிறவர்கள் இதை மேலோட்டமாகப் படித்தால் போதும்.

சிறகு சுமக்கும் எடை

விமானத்தின் மொத்த எடையைச் சிறகின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது சிறகுச்சுமை. செஸ்னா 172-இன் சிறகு 174 சதுர அடி, அதிகபட்ச எடை 2,550 பவுண்டு. ஒரு சதுர அடி சுமப்பது ஏறக்குறைய 15 பவுண்டு. லான்கேர் 360-க்கு 76 சதுர அடிதான் சிறகு. 1,685 பவுண்டு எடையில் சதுர அடிக்கு 22 பவுண்டு. அழுத்தக் காற்றறை கொண்ட லான்கேர் IV-பி-யில் 98 சதுர அடி, 3,550 பவுண்டு என்பதால் சுமை 36 பவுண்டாகிவிடுகிறது. சிறிய சிறகு உயரத்தில் வேகம் தரும். கீழே வரும்போது அதே சிறகு, போதிய தூக்குவிசை வேண்டுமானால் வேகமாகவே வா என்று கேட்கும்.

ஆர்.வி.-7 இந்த வரிசையில் ஒரு விசித்திரம். 121 சதுர அடி, 1,800 பவுண்டு. சிறகுச்சுமை செஸ்னாவைப் போலத்தான், 15. ஆனால் செஸ்னாவின் சிறகு 36 அடி நீளம், ஆர்.வி.-யுடையது 25 அடி. குட்டையான, அகலமான சிறகு மெதுவாகப் பறக்கும்போது காற்றை அதிகம் கலக்கி இழுவையை ஏற்றிக்கொள்ளும். அதனால் ஓடுபாதையை நோக்கிய கடைசி நேர்ப்பாதையான ஃபைனலில் ஆர்.வி.-யின் வேகம் கொஞ்சம் குறைந்து, த்ராட்டிலும் மூடியிருந்தால் அது சட்டென்று கீழே அமுங்கும். மூக்கைத் தூக்கினால் இறங்கும் வீதம் குறைவதற்குப் பதில் கூடும். செஸ்னாவில் பழகியவர்கள் முதல் சில இறக்கங்களில் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சான்றிதழ் பெற்ற ஒற்றை எஞ்சின் விமானங்களின் ஸ்டால் வேகத்துக்கு அமெரிக்க விதி பல பத்தாண்டுகள் 61 நாட் என்ற வரம்பைப் பொதுவாக வைத்திருந்தது. எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால் உள்ளே இருப்பவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. சொந்தமாகக் கட்டும் விமானத்தை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. இந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை புள்ளிவிவரத்தில் தெரிகிறது. லான்கேர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அவற்றின் உயிர்ப்பலி விபத்துகள் மிகையாக இருப்பதை 2010-ஐ ஒட்டி அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. சுட்டிக்காட்டி, அந்த வகைக்கென்றே பயிற்சி எடுக்கச் சொன்னது. விபத்துகளை ஆராயும் என்.டி.எஸ்.பி. 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவின் தனியார் விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். 2011-இல் நடந்த உயிர்ப்பலி விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 சதவீதம். கட்டுப்பாடு இழப்புதான் உயிர்ப்பலிக்கு முதல் காரணம். சிறகு முறிந்து விழுந்தவை சொற்பம். அதாவது கட்டியவர்களின் கைவேலை பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறது.

முதலில் ஸ்டால் வேகத்தைப் பிடியுங்கள்

சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இறங்கும் வேகக் கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணிலிருந்து தொடங்குவதால் அதைக் கவனமாகப் பிடிக்க வேண்டும்.

தரையிலிருந்து 5,000 அடிக்கு மேல் ஏறுங்கள். சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பாருங்கள். சக்கரத்தை இறக்கி, முழு ஃபிளாப் போட்டு, த்ராட்டிலை மூடி, நொடிக்கு ஒரு நாட் வீதம் வேகம் குறையும்படி ஸ்டிக்கை மெல்ல இழுங்கள். மூக்கு தானாக விழும் கணத்தில் அல்லது சிறகு ஒரு பக்கம் சாயும் கணத்தில் காட்டிய வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரமாக இழுத்தால் எண் பொய்யாக வரும். ஒரே தடவை செய்து எழுதிவைத்துவிடாதீர்கள். ஃபிளாப் இல்லாமல், பாதி ஃபிளாப்பில், முழு ஃபிளாப்பில் என்று ஒவ்வொன்றையும் பலமுறை செய்து சராசரி எடுங்கள். வேறொரு நாள் முழு எடையோடும், இன்னொரு நாள் எடைமையத்தைப் பின்னெல்லைக்குக் கொண்டுபோயும் செய்யுங்கள். எடைமையம் முன்னால் இருந்தால் ஸ்டால் வேகம் கூடும். பின்னால் போனால் எண் சற்றுக் குறையும், ஆனால் ஸ்டிக் இலகுவாகி, அறியாமலேயே அதிகம் இழுத்துவிடும் ஆபத்து வரும். ஆர்.வி.-8 போல ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் விமானத்தில், தனியாகப் பறப்பதற்கும் பின் இருக்கையில் ஆள் ஏற்றிப் பறப்பதற்கும் வித்தியாசம் கையில் தெரியும்.

எச்சரிக்கை எப்படி வருகிறது என்பதையும் எழுதி வையுங்கள். செஸ்னா போன்ற பயிற்சி விமானங்கள் ஸ்டாலுக்கு முன் நன்றாக நடுங்கிச் சொல்லும். வேகமான கிட் விமானங்கள் பலவற்றில் அந்த நடுக்கம் கடைசி ஓரிரண்டு நாட்டில்தான் வரும், சிலவற்றில் வரவே வராது. உங்களுடையதில் ஒரு சிறகு சட்டென்று விழுகிறதென்றால் அது இந்தச் சோதனையில் தெரிய வேண்டும், ஓடுபாதைக்குக் குறுக்காக வரும் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது அல்ல.

இந்தச் சோதனைக்கு நேரம் ஒதுக்கப்பட்டே இருக்கிறது. அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய விமானத்துக்கு முதற்கட்டச் சோதனைப் பறப்பு என்று வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் விதிக்கிறார்கள். அந்த மணிநேரங்களை வெறுமனே சுற்றிச் சுற்றி வந்து ‘கழித்துவிடும்’ கட்டுநர்கள் இருக்கிறார்கள். எரிபொருளுக்கும் கேடு, விமானத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதும் பூஜ்யம்.

கருவி சொல்லும் வேகமும் உண்மை வேகமும்

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இது. வேகங்காட்டி இரண்டு அழுத்தங்களை ஒப்பிடுகிறது: எதிரே மோதும் காற்றின் அழுத்தம் பிட்டோ குழாயிலிருந்தும், சுற்றுப்புற அழுத்தம் உடலில் உள்ள ஸ்டேட்டிக் துளையிலிருந்தும் வருகின்றன. மூக்கு நன்றாக உயர்ந்திருக்கும்போது பிட்டோ குழாய்க்குள் காற்று நேராகப் புகாது. ஸ்டேட்டிக் துளையைச் சுற்றி ஓடும் காற்றும் மாறிவிடும். துளையின் விளிம்பு தோலோடு சமமாக இருக்கிறதா, மேலே ஒரு சிறு தொப்பி ஒட்டியிருக்கிறதா என்பதுகூடப் பல நாட் வித்தியாசம் தரும். தொழிற்சாலை விமானத்தில் இந்தப் பிழையை அளந்து அட்டவணையாகக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் விமானத்தில் அதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

பிழை எப்படிக் காலை வாரும் என்று பாருங்கள். ஸ்டாலின்போது உங்கள் கருவி 45 நாட் காட்டுகிறது, உண்மையில் அது 55 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விதிப்படி 45-ஐ 1.3-ஆல் பெருக்கி, 58 அல்லது 59 காட்டும்படி ஃபைனலில் வருகிறீர்கள். ஆனால் மூக்கு சற்றுத் தாழ்ந்த அந்த நிலையில் கருவியின் பிழை குறைந்துவிடும். 59 காட்டும்போது உண்மை வேகம் 62 ஆக இருக்கலாம். 55-க்கு 62 என்பது 13 சதவீத இடைவெளிதான். 30 சதவீதம் கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அதில் பாதிகூட இல்லாமல் வருகிறீர்கள். காற்றில் ஒரு குலுக்கல் வந்தால் அதுவும் போயிற்று.

அளக்கும் முறை கடினமானதல்ல. காற்று அமைதியாக இருக்கும் காலையில், ஒரே உயரத்தில், கருவி காட்டும் வேகத்தை மாற்றாமல் மூன்று வெவ்வேறு திசைகளில் பறந்து, ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். காட்டும் தரைவேகத்தையும் பாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் பாதிப்பைக் கழித்து உண்மை வேகத்தைத் தரும் கணக்குத்தாள்கள் கட்டுநர்களிடையே புழங்குகின்றன. உயரத்தையும் வெப்பநிலையையும் வைத்துத் திருத்தினால் கருவியின் பிழை கிடைத்துவிடும். இதை வேகமான நிலையில் தொடங்கி, நிதானமாகப் பறக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் வரை செய்து ஒரு கோடு வரையுங்கள். ஸ்டால் வரை அந்தக் கோட்டை நீட்டினால், எந்த எண்ணைக் கருவி காட்டும்போது உண்மையில் 1.3 மடங்கு இருக்கிறோம் என்று தெரியும். ஃபைனலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

சிறகுக்கோணம் காட்டும் கருவி பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். என் கருத்தில், பேனலில் பெரிய திரை ஒன்று கூடுதலாக வைப்பதைவிட இது பயனுள்ள செலவு. ஸ்டால் நடப்பது குறிப்பிட்ட கோணத்தில். எடை கூடினாலும், விமானம் சாய்ந்திருந்தாலும் அந்தக் கோணம் ஏறக்குறைய மாறாது. வேகங்காட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் இந்தக் கருவியையும் உங்கள் விமானத்திலேயே பறந்து சரிபார்த்து அமைக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடன் நம்பக் கூடாது.

1.3 என்ற பெருக்கமும் அதன் எல்லையும்

ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கில் வந்தால், வேகத்தின் இருமடிப்படி 1.69 ஜி வரை சிறகு தாங்கும். ஃபைனலில் இதமாக மூக்கைத் தூக்கவும் சிறு குலுக்கலைச் சமாளிக்கவும் இது போதும். 1.2 மடங்கென்றால் 1.44 ஜி-தான். காற்றில்லாத நாளில் குட்டை ஓடுபாதைக்குப் பழகிய கை அதைச் செய்யும், புதியவருக்கு வேண்டாம்.

சிறகுச்சுமை மிகுந்தவற்றிலும், ஆர்.வி. போன்ற குட்டைச் சிறகுகளிலும் 1.3-இல் த்ராட்டிலை மூடினால் இறங்கும் வீதம் மிரட்டும். அப்போது மூக்கைத் தூக்கிச் சமன் செய்யத் தேவையான சக்தி அந்த வேகத்தில் இருக்காது. ஆகவே இதையும் உயரத்தில் சோதியுங்கள். 4,000 அடியைத் தரை என்று மனதில் வைத்துக்கொண்டு, 1.3-இல் த்ராட்டில் மூடி இறங்கி, அந்த ‘தரை’யில் இறக்கத்தை நிறுத்த முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் 1.4-இல் செய்யுங்கள். எஞ்சின் நின்றால் எந்த வேகத்தில் வர வேண்டும் என்ற எண்ணும் இதிலேயே கிடைத்துவிடும். பவர் வைத்து வருவதற்கு ஒன்று, பவர் இல்லாமல் வருவதற்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருப்பதில் தவறில்லை.

எடை குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும், ஆனால் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 3,550 பவுண்டில் 65 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், எரிபொருள் குறைந்து ஒரே ஆளோடு 2,900 பவுண்டில் வரும்போது சுமார் 59 நாட்டில் ஸ்டால் ஆகும். 1.3 மடங்கென்றால் முழு எடைக்கு 84 அல்லது 85, குறைந்த எடைக்கு 76. இலேசான விமானத்தை 85-இல் கொண்டுவந்தால் அது தரையைத் தொட மறுத்து மிதக்கும். இதைத் தலைகீழாக மறப்பதுதான் ஆபத்து: தனியாகவே பறந்து 76-க்குப் பழகியவர், ஒருநாள் முழு எரிபொருளும் மூன்று பேருமாகக் கிளம்பி, உடனே திரும்ப நேர்ந்தால் கை பழைய எண்ணுக்குத்தான் போகும்.

காற்று குத்துவிட்டு வீசும் நாளில் குத்தின் அளவில் பாதியைச் சேர்ப்பது வழக்கம். 15 நாட் காற்று 25 வரை எகிறுகிறது என்றால் வித்தியாசம் 10, கூட்டுவது 5. நிலையான எதிர்காற்றுக்கு எதுவும் கூட்ட வேண்டாம். காற்றுக்கு ஐந்து, பயணிக்கு ஐந்து, மனத்திருப்திக்கு ஐந்து என்று அடுக்கிக்கொண்டே போகிற பழக்கம் பல விமானிகளிடம் இருக்கிறது. அதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

வேகத்தைக் குறைத்தல், திரும்புதல்

ஆர்.வி.-7 சாதாரணமாகவே 170 நாட்டில் வரும். அந்த வேகத்தில் ஐந்து கடல்மைல் என்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. வழவழப்பான உடல் கொண்ட இந்த விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்கவும் வேகம் குறையவும் மாட்டா. அதனால் விமான நிலையத்துக்கு வெகுமுன்பே உயரத்தை இழந்துவிட்டு, சுற்றுப்பாதையின் உயரத்தில் மட்டமாகப் பறந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப் போடக்கூடிய வேக வரம்பு வந்த பிறகே ஃபிளாப். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் நுழையும்போது வேகம் நிலைபெற்றிருந்தால் பிறகு எல்லாம் தானாக அமையும்.

ப்ரொப்பெல்லரும் இதில் பங்கு வகிக்கிறது. கோணம் மாறும் ப்ரொப்பெல்லர் த்ராட்டிலை மூடியவுடன் பிரேக் போல இழுக்கும். நிலைத்த கோணத்தில், வேகப் பயணத்துக்கென்று செதுக்கிய ப்ரொப்பெல்லர் அப்படி இழுக்காது. நண்பரின் ஆர்.வி.-யில் அழகாக இறங்கியவர் தன் ஆர்.வி.-யில் பாதி ஓடுபாதையை மிதந்தே கடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் வளைவைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். உயரம் இழக்காமல் 30 பாகை சாய்ந்தால் ஸ்டால் வேகம் 7 சதவீதம் கூடும், 45 பாகையில் 19 சதவீதம், 60 பாகையில் 41. நீங்கள் கையில் வைத்திருப்பதோ 30 சதவீதம். பின்காற்று தள்ளி ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டால், இன்னும் சாய்த்துப் பிடித்துவிடலாம் என்று மனம் சொல்லும். சாய்க்கப் பயந்தவர் உள்பக்க ரடரை அழுத்தி மூக்கை இழுப்பார். சாய்வைக் குறைக்க எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுவார், மூக்கு விழுவதால் பின்னுக்கும் இழுப்பார். இந்த மூன்றும் சேர்ந்தால் உள்சிறகு முதலில் ஸ்டாலாகி விமானம் சுழலத் தொடங்கும். 500 அடியில் அதிலிருந்து மீள உயரமே இல்லை. கோட்டைத் தாண்டிவிட்டால் 30 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள். தாண்டிப் போய், மேலேறி, இன்னொரு சுற்று வாருங்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கும் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். ரிப்பன் ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, அரை மைல் இடைவெளியில், 1,800 அடி உயரத்தில் 90 நாட்டில் வரிசையாக வரச் சொல்வார்கள். லான்கேர் IV-க்கு அது ஃபைனல் வேகத்துக்கு அருகில். அதே அறிவிப்பில் 2,300 அடியில் 135 நாட் என்று இன்னொரு வரிசையும் இருக்கிறது. வேகமான விமானத்தோடு வருபவர் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஓடுபாதைக்கு அருகே கட்டுப்பாட்டாளர் சட்டென்று குறுகலாகத் திரும்பச் சொல்லி, உங்களால் இயலாது என்று பட்டால், இயலாது என்று ரேடியோவில் சொல்லுங்கள். விமானத்தை ஓட்டுவது நீங்கள்தான்.

கூடுதல் வேகம் எங்கே போகும்

10 சதவீதம் வேகம் கூடினால் விமானத்தின் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். அதைக் காற்றிலோ பிரேக்கிலோ கரைத்தாக வேண்டும். 70 நாட்டில் தொட வேண்டிய விமானம் 80-இல் தொட்டால் உருண்டு நிற்கும் தூரம் சுமார் 30 சதவீதம் நீளும். தொடாமல் மிதந்தால்? தரையை ஒட்டி மிதக்கையில் நொடிக்கு 2 நாட் குறைகிறது என்று வைத்தால், 10 நாட் கரைய 5 நொடி. 75 நாட் என்பது நொடிக்கு ஏறக்குறைய 38 மீட்டர். மிதப்பதிலேயே 190 மீட்டர் ஓடுபாதை போய்விடுகிறது.

பொறுமை இழந்தவர் மிதக்கும் விமானத்தை ஸ்டிக்கைத் தள்ளித் தரையில் அமுக்குவார். முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளும், துள்ளலை அடக்க மறுபடி தள்ளுவார், அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். மூன்றாவது மோதலில் முன்கால் முறிவது சகஜம். முன்சக்கரம் கொண்ட ஆர்.வி.-6ஏ, 7ஏ போன்றவற்றில் முன்கால் பின்னோக்கி மடிந்து விமானம் கவிழ்ந்த சம்பவங்களை என்.டி.எஸ்.பி. ஆராய்ந்தது, வான்ஸ் நிறுவனமும் முன்சக்கரக் கவட்டையை மாற்றியமைத்தது. எந்தக் கவட்டையாக இருந்தாலும் பின்சக்கரங்களில் தொட்டு, மூக்கை முடிந்தவரை தூக்கி வைத்து, வேகம் குறைந்த பிறகே முன்சக்கரத்தை இறக்குவதுதான் சரியான முறை.

உயரமான விமான நிலையத்தில் கருவி காட்டும் எண்ணை மாற்றவே கூடாது. ஆனால் அங்கே காற்று மெலிந்திருப்பதால் உண்மையில் நீங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். 9,934 அடியில் இருக்கும் கொலராடோவின் லெட்வில்லில் கருவி 80 காட்டினால், அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பநிலையிலேயே உண்மை வேகம் சுமார் 93 நாட். ஓடுபாதை கண்ணுக்கு வேகமாக ஓடுவதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று கருதி மூக்கைத் தூக்கிவிடாதீர்கள்.

லாங்-ஈசி கதை தனி. முன்னால் இருக்கும் சிறு சிறகு முதலில் ஸ்டாலாகி மூக்கைத் தானே தாழ்த்திவிடுவதால் முதன்மைச் சிறகு ஸ்டாலாவது அரிது. அது நல்ல பாதுகாப்பு. ஃபிளாப் இல்லாததாலும் இழுவை மிகக் குறைவு என்பதாலும் அது தட்டையாக, வேகமாக வந்து நெடுநேரம் மிதக்கும். அடிவயிற்றில் திறக்கும் பலகை பிரேக்கை மறந்தால் இன்னும் மோசம். பழைய வடிவமைப்பு முன்சிறகு கொண்டவற்றில் மழைத்துளியும் ஒட்டிய பூச்சிகளும் தூக்குவிசையைக் குறைத்து இறங்கும் வேகத்தை ஏற்றிவிடும். ஜான் ரோன்ஸ் வடிவமைத்த பிந்தைய முன்சிறகு இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது. உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு மழையில் பறங்கள்.

அட்டையும் ஆசிரியரும்

கண்டுபிடித்த எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பேனலில் ஒட்டுங்கள்: கருவி காட்டும் கணக்கிலேயே, முழு எடைக்கு ஒன்று, தனியாள் எடைக்கு ஒன்று, பவர் இல்லாமல் இறங்க ஒன்று. ஓடுபாதை முனையைத் தாண்டும்போது அந்த எண்ணிலிருந்து 5 நாட் விலகியிருந்தால் இறங்காமல் மேலே போங்கள். மேலே போகும்போது த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டாம். 350 குதிரைசக்தி எஞ்சின் குறைந்த வேகத்தில் முழுப் பவரை அள்ளிக்கொடுத்தால் விமானம் இடப்பக்கம் புரளப் பார்க்கும். மெல்லத் தள்ளி, வலது ரடரை அழுத்தி, மூக்கைத் தாழ்வாகப் பிடித்து, வேகம் வந்தபின் ஏறுங்கள்.

புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் பறப்பில் இந்த அட்டை காலியாகத்தான் இருக்கும். அன்று நீண்ட ஓடுபாதையைத் தேர்ந்தெடுங்கள். இறங்குவதற்கு முன் உயரத்தில் ஸ்டாலை நெருங்கிப் பார்த்து, அப்போது கருவி காட்டிய எண்ணை 1.3-ஆல் பெருக்கி, கருவிப்பிழைக்காகச் சில நாட் சேர்த்து வாருங்கள். முதல் இறக்கத்தில் கொஞ்சம் மிதப்பது பரவாயில்லை.

வேறொருவர் கட்டியதை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-இல் விபத்துக்குள்ளான வீட்டுக்கட்டு விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படி இரண்டாம் கையாக வாங்கியவை. விற்றவர் ஒட்டிய அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் உங்கள் எடையோடு, உங்கள் கையால் செய்யுங்கள். அதற்கும் முன்னால் அதே வகை விமானத்தில் அனுபவமுள்ள பயிற்சியாளரோடு பறங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் குறைந்தபட்ச மணிநேரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பயிற்சியாளர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லா எடையிலும் நீங்களாகவே இறக்க முடிகிறது என்ற பிறகு தனியாகப் போங்கள்.